ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: நலத்திட்டமும் ஊக்கச் செலவும்

சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தம் என்ற இடத்தில் கண் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு எரிச்சல் வரும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். தேங்காய் என்னுடையது, புண்ணியம் வேறு யாருக்கோ. அரசு புதிதாக ஒரு உதவித்தொகையை அறிவித்தால் ‘இதற்கும் நான்தானா?’ என்று கேட்கத் தோன்றும். வரி கட்டுகிற யாருக்கும், எந்த நாட்டில் இருந்தாலும், ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்திருக்கும்.

கேள்வியில் தவறில்லை. ஆனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு விவரம் தெரிந்த ஒருவரிடம் வாதம் செய்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தோற்றுவிடுவீர்கள். ஏனென்றால் அதற்குள் இரண்டு தனித்தனிப் புகார்கள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. ஒன்று நலத்திட்டத்தைப் பற்றியது. இன்னொன்று, பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த அரசு செய்யும் ஊக்கச் செலவைப் பற்றியது. இரண்டிலும் அரசு பணம் கொடுக்கிறது என்பதால் பார்வைக்கு ஒன்று போல இருக்கின்றன. முதலில் இந்த முடிச்சை அவிழ்ப்போம்.

முதியோர் ஓய்வூதியம், வேலை இழந்தவருக்கு உதவி, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி, ஏழைக் குழந்தைகளுக்கான ஆதரவு இவையெல்லாம் நலத்திட்டங்கள். இவற்றின் குறி தனி மனிதர். அவர் பட்டினி கிடக்கக்கூடாது, வைத்தியம் இல்லாமல் சாகக்கூடாது, அவ்வளவுதான். நாட்டின் பொருளாதாரம் செழித்தாலும் படுத்தாலும் இவை நடந்துகொண்டே இருக்கும். ஊக்கச் செலவின் குறி அந்த மனிதரே அல்ல. வியாபாரம் சுருங்கி, ஆலைகள் பாதி நாள் மூடிக் கிடக்கும் காலத்தில், யாராவது பணத்தை எடுத்துச் செலவழித்தால் போதும் என்று அரசு இறங்கும் வேலை அது. பணம் பெறுபவர் அங்கே வெறும் வாய்க்கால். ஒன்று உணவு, மற்றது மருந்து என்று வைத்துக்கொள்ளலாம். உணவு தினமும் வேண்டும். மருந்து நோய் இருக்கும் வரைக்கும்தான். ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது.

நலத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இது இடதுசாரிகளின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் 1883-இல் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீட்டையும் 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் சட்டமாக்கியவர் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க், சோஷலிஸ்டுகளைக் கண்டாலே ஆகாத மனிதர். தொழிலாளர்கள் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்றுதான் இதைச் செய்தார். ஓய்வூதியம் தொடங்கும் வயது 70. அன்றைக்கு அந்த வயதைத் தொட்டவர்களே குறைவு. தொழிலாளியும் முதலாளியும் பங்கு கட்டினார்கள், அரசும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டது. பிறக்கும்போது அது தானமாகப் பிறக்கவில்லை, காப்பீடாகத்தான் பிறந்தது. இன்று மனிதர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். காப்பீட்டின் கணக்கு இடிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

வரி கட்டுபவரின் கோபம் பெரும்பாலும் பணம் போகும் இடத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘வெல்ஃபேர்’ என்று திட்டினால், ஏழைக் குடும்பங்களுக்குக் கையில் தரும் ரொக்க உதவியைத்தான் பலர் மனதில் வைத்திருப்பார்கள். 1996-இல் கிளிண்டன் ஆட்சியில் அதற்கு ஐந்தாண்டு உச்சவரம்பு வைத்தார்கள். மாநிலங்களுக்குத் தரும் தொகையையும் ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்று நிறுத்திவிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அந்த எண் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. 2023-இல் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவு 6 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. கணக்குப் போட்டால் அந்த ரொக்க உதவி அதில் அரை சதவீதம்கூட இல்லை. அதே ஆண்டில் ஓய்வூதியத்தை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு மட்டும் சுமார் 1.3 லட்சம் கோடி. முதலாவதைப் பார்த்துக் கொதித்துவிட்டு இரண்டாவதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பவருக்குக் கவலை பட்ஜெட்டைப் பற்றியது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்படியானால் நலத்திட்டத்தில் குறையே சொல்லக்கூடாதா? தாராளமாகச் சொல்லலாம், சரியான இடத்தில் சொல்ல வேண்டும். மாத வருமானம் 100-ஐத் தாண்டாதவர்களுக்கு 30 உதவி என்று ஒரு திட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 99 சம்பாதிப்பவர் கையில் 129 இருக்கும். அவருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கிடைத்து 105 வந்தால் உதவி நின்றுபோகும், கையில் 105 மட்டும். கூடுதலாக உழைத்ததற்கு அபராதம் 24! இந்த நிலையில் அவர் கூடுதல் வேலையை வேண்டாம் என்று சொன்னால் நாம் அவரைச் சோம்பேறி என்போம். அவரோ நம்மைவிட நன்றாகக் கணக்குப் போடுபவர். தவறு வரம்பைக் கத்தி போல வெட்டி வைத்தவர்களுடையது. வருமானம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறைந்தால் இந்தப் பள்ளம் இருக்காது. அமெரிக்காவில் 1975 முதல் உழைக்கும் ஏழைகளுக்குத் தரப்படும் வரிச் சலுகை ஏறக்குறைய இந்த வடிவில்தான் இருக்கிறது.

இன்னொரு குறை, உதவி போய்ச் சேரும் ஆள் யார் என்பது. எரிபொருள் விலையை அரசு தாங்கிப் பிடித்தால் ஏழைக்கு நல்லது என்று தோன்றும். ஆனால் அதிகம் எரிபொருள் வாங்குபவர் கார் வைத்திருப்பவர். ஆகவே மானியத்தின் பெரும்பங்கு அவருக்கே போகும். இந்தோனேசியா 2005-இல் எரிபொருள் விலையைச் சராசரியாக இரு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டு, மிச்சமான பணத்தில் ஒரு பகுதியைச் சுமார் 1.9 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாக ரொக்கமாகக் கொடுத்தது. யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் கோளாறுகள் இருந்தன, போராட்டங்களும் நடந்தன. இருந்தாலும் பணத்தின் திசை மாறியது.

இனி ஊக்கச் செலவு. சுவாரசியமான சண்டையெல்லாம் இங்கேதான்.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, பெருமந்தம் என்று அழைக்கப்படும் காலம் தொடங்கியது. 1933 வாக்கில் அங்கே வேலை செய்யத் தயாராக இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ‘பொறுத்திருங்கள், சந்தை தானே சரியாகிவிடும்’ என்பது அன்றைய பாடம். பிரிட்டன் பொருளியலாளர் கெயின்ஸ் 1936-இல் இதை மறுத்து எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: ஒருவருடைய செலவுதான் இன்னொருவருடைய வருமானம். பயத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கையை மூடிக்கொண்டால், எல்லோருடைய வருமானமும் ஒரே சமயத்தில் சுருங்கும். அப்போது பயப்படாமல் செலவழிக்கக்கூடிய ஆள் அரசு மட்டும்தான். கடன் வாங்கியாவது செலவழிக்கட்டும்.

அரசு 100 செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெற்றவர் 80-ஐச் செலவழித்து 20-ஐ வைத்துக்கொள்கிறார். அந்த 80 இன்னொருவரிடம் போய் அவர் 64 செலவழிக்கிறார். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து 100 பல மடங்காகும். இதைப் பெருக்கி விளைவு என்பார்கள். பாடப் புத்தகத்தில் இந்தக் கணக்கு 500-இல் போய் முடியும். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. ஒருவர் பழைய கடனை அடைப்பார், இன்னொருவர் இறக்குமதிப் பொருள் வாங்குவார், மூன்றாமவர் வங்கியில் போட்டுவிடுவார். வழியெல்லாம் ஒழுகிப் போனபின் பெருக்கி 1-க்கு மேலா, கீழா என்பதுதான் பொருளியலாளர்கள் இன்றுவரை மோதிக்கொள்ளும் விஷயம். 1-க்குக் கீழே என்றால், அரசு 100 செலவழித்ததில் நாட்டின் உற்பத்தி 100 அளவுக்குக்கூட ஏறவில்லை என்று அர்த்தம்.

கெயின்ஸை விமர்சிப்பவர்கள் விடாமல் எடுத்துக்காட்டும் ஒரு உதாரணம் உண்டு. பழைய பாட்டில்களில் பணத்தை அடைத்து, கைவிடப்பட்ட சுரங்கத்தில் புதைத்து, ஆட்களை விட்டுத் தோண்ட வைத்தாலும் வேலை பெருகும் என்று அவர் எழுதினார். ‘பார்த்தீர்களா, குழி தோண்டச் சொல்கிறார்!’ என்பார்கள். ஆனால் கெயின்ஸ் அதோடு நிறுத்தவில்லை. வீடுகள் கட்டுவது இதைவிடப் புத்திசாலித்தனம், அதற்கு அரசியல் தடை இருந்தால் சும்மா இருப்பதைவிட இது மேல் என்றும் சேர்த்தார். அந்தப் பாதி யாருக்கும் நினைவிருப்பதில்லை.

எதிர்த்தரப்பின் ஆயுதம் இன்னும் பழையது. 1850-இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் பாஸ்டியா ஒரு கதை சொன்னார். ஒரு பையன் கண்ணாடி ஜன்னலை உடைத்துவிடுகிறான். கண்ணாடி போடுபவருக்கு வேலை கிடைத்தது, அதனால் ஊருக்கு லாபம் என்று சிலர் சொல்கிறார்கள். ஜன்னலுக்குச் சொந்தக்காரர் அந்தப் பணத்தில் செருப்பு வாங்கியிருப்பாரே, செருப்புத் தைப்பவர் இழந்த வேலையை யார் பார்த்தார்கள் என்று கேட்டார் பாஸ்டியா. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் போன வேலை ஒன்று உண்டு. வரி கட்டுபவரின் கோபத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. அரசு கட்டிய பாலத்தைத் திறந்து வைக்க விழா எடுப்பார்கள். அந்த வரிப்பணம் என் கையில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதற்கு விழா எடுக்க யாரும் இல்லை.

அப்போது இரண்டு பேரில் யார் சரி? என்னைக் கேட்டால், அது அன்றைக்குச் சும்மா இருக்கும் கைகளைப் பொறுத்தது. செருப்புத் தைப்பவர் ஏற்கெனவே வேலையில் மூழ்கியிருந்தால் பாஸ்டியா சொல்வது சரி. அரசு ஒரு ஆளை இழுத்தால் அவர் வேறொரு வேலையிலிருந்துதான் வர வேண்டும். கண்ணாடிக்காரரும் செருப்புக்காரரும் மாதக்கணக்கில் வேலையின்றி உட்கார்ந்திருக்க, ஜன்னல்காரர் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் கெயின்ஸ் சொல்வது சரி. ஆகவே ஊக்கச் செலவைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு?’ அல்ல, ‘எப்போது?’

2008 நிதி நெருக்கடியைத் தொடர்ந்து, 2009 பிப்ரவரியில் அமெரிக்கா 78,700 கோடி டாலருக்கு ஒரு ஊக்கத் தொகுப்பைச் சட்டமாக்கியது. அதற்கு முந்தைய மாதம் அரசுத் தரப்புப் பொருளியலாளர்கள் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். தொகுப்பு நிறைவேறினால் வேலையின்மை 8%-ஐத் தாண்டாது, நிறைவேறாவிட்டால் 9%-ஐத் தொடும் என்றது அது. தொகுப்பு நிறைவேறியது. அக்டோபரில் வேலையின்மை 10%. எதிர்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். ‘செலவழிக்காமலே இருந்திருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று உங்கள் வரைபடமே சொல்கிறதே!’ ஆதரித்தவர்களோ நோய் நினைத்ததைவிட மோசம் என்றார்கள். அதிலும் உண்மை இருந்தது. 2008-இன் கடைசிக் காலாண்டில் உற்பத்தி ஆண்டு வீதத்தில் 3.8% சுருங்கியது என்று முதலில் கணக்கிட்டிருந்தார்கள். பின்னாளில் அது 8%-க்கும் மேல் என்று திருத்தப்பட்டது. தெர்மாமீட்டரே தவறாகக் காட்டியிருக்கிறது.

இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. ஊக்கச் செலவு செய்யாத 2009 என்று ஒன்று எங்கும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. ‘இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்’ என்பது சில சமயம் உண்மை, ஆனால் தோற்ற எந்தத் திட்டத்துக்கும் அதையே சாக்காகவும் சொல்லலாம். வரி கட்டுபவர் இந்த வாக்கியத்தைக் கேட்கும்போது காதைத் தீட்டிக்கொள்வது நல்லது.

அதே ஆண்டில் நடந்த இன்னொரு திட்டம் சிறியது, ஆனால் பாடம் பெரியது. பழைய காரைக் கொடுத்துவிட்டு, எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புதுக் கார் வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி. 300 கோடி டாலர் சில வாரங்களில் தீர்ந்துபோனது. சுமார் 6.8 லட்சம் கார்கள் விற்றன. வாங்கிய பழைய கார்கள் மீண்டும் சாலைக்கு வரக்கூடாது என்று அவற்றின் இன்ஜினில் எண்ணெய்க்குப் பதிலாக சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓட்டி, இறுகிச் சாகவிட்டார்கள். பாஸ்டியா இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, அழுதிருப்பாரா தெரியாது. ஜன்னலைக் காசு கொடுத்து உடைத்த அரசு இது. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், அந்தக் கார்களில் பெரும்பாலானவை எப்படியும் அடுத்த சில மாதங்களில் விற்றிருக்கும். நாளைய விற்பனையை இன்றைக்கு இழுத்ததோடு சரி. படுபள்ளத்தில் கிடக்கும்போது அப்படி இழுப்பதற்கும் ஒரு பயன் உண்டுதான். 300 கோடி அளவுக்குப் பயனா என்பது வேறு கேள்வி.

வேகமும் ஒரு பிரச்சினை. சாலை, பாலம் போன்ற வேலைகள் நீண்ட காலம் நிற்கும். ஆனால் நிலம், அனுமதி, டெண்டர் என்று கடந்து மண்வெட்டி மண்ணில் படும்போது மந்தமே முடிந்திருக்கும். உடனே தொடங்கத் தயாராக இருக்கும் வேலைகள் என்று எதுவும் இல்லை என்பதை அதிபர் ஒபாமாவே 2010-இல் ஒப்புக்கொண்டார். ரொக்கமாகக் கொடுத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் மக்கள் அதைச் செலவழிப்பார்களா என்பது உறுதியில்லை. ஜப்பான் 1999-இல் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கும் முதியோர் பலருக்கும் தலைக்கு 20,000 யென் மதிப்புள்ள கூப்பன் கொடுத்தது. ஆறு மாதத்தில் காலாவதியாகும், சேமிக்க வழியில்லை. மக்கள் என்ன செய்தார்கள்? எப்படியும் வாங்கியிருக்கும் பொருட்களைக் கூப்பனில் வாங்கிவிட்டு, அதற்கு வைத்திருந்த யென்னைச் சேமித்தார்கள். கூப்பனில் சிறு பகுதிதான் புதிய செலவாக மாறியது. மக்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

கோவிட் காலத்தில் எல்லாமே பெரிய அளவில் நடந்தது. அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு 1,200, பிறகு 600, 2021 மார்ச்சில் இன்னும் 1,400 டாலர். அந்த மூன்றாவது தவணை 1.9 லட்சம் கோடி டாலர் தொகுப்பின் ஒரு பகுதி. பொருளாதாரம் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. இவ்வளவு பெரிய தொகை விலைவாசியைக் கிளப்பிவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர்களில் ஒருவர் லாரி சம்மர்ஸ், அன்றைய ஆளும் கட்சியின் முன்னாள் நிதியமைச்சரே. 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1%. முழுப் பழியையும் அந்தக் காசோலைகள் மீது போட முடியாது. சரக்குப் போக்குவரத்து முடங்கியிருந்தது, உக்ரைன் போர் எரிபொருள் விலையை ஏற்றியது, அப்படிக் காசோலை அனுப்பாத ஐரோப்பாவிலும் விலைகள் ஏறின. ஆனாலும் கைகள் சும்மா இல்லாத நேரத்தில் பணத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. பணவீக்கம் என்பது சட்டமன்றம் வாக்களிக்காமலே வசூலாகும் வரி. அதை அதிகம் கட்டுவது, அந்தக் காசோலை யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஏழைகள்தான்.

மோசடியும் நடந்தது. அவசரத்தில் கதவைத் திறந்து வைத்ததால், கோவிட் கால வேலையின்மை உதவியில் மட்டும் 10,000 கோடி முதல் 13,500 கோடி டாலர் வரை மோசடியாகப் போயிருக்கலாம் என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. இந்தப் பணத்தைத் தின்றது வேலை இழந்தவர் அல்ல, அவர் பெயரில் விண்ணப்பம் போட்டவர்.

இதெல்லாம் இருந்தும், ஊக்கச் செலவின் மீது எனக்கு இருக்கும் பெரிய புகார் அதைத் தொடங்குவதைப் பற்றியது அல்ல, நிறுத்தாமல் விடுவதைப் பற்றியது. செலவைக் குறைக்கச் சரியான நேரம் செழிப்பான காலம், மந்தம் அல்ல என்று 1937-இல் எழுதியவர் இதே கெயின்ஸ்தான். அந்த ஆண்டு அமெரிக்கா அவசரப்பட்டுச் செலவைக் குறைத்து, கடன் வசதியையும் இறுக்கியது. மறு ஆண்டே வேலையின்மை 14%-இலிருந்து 19%-க்குப் போனது. மந்தத்தில் செலவழி என்ற முதல் பாதியை அரசியல்வாதிகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். நல்ல காலத்தில் சேர்த்து வை என்ற இரண்டாம் பாதிக்கு வாக்கு விழாது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு கட்டிய நிகர வட்டி அதன் ராணுவச் செலவையே தாண்டியது. இருபதாண்டுகளுக்கு மேல் தொகுப்பு மேல் தொகுப்பாக அறிவித்த ஜப்பானின் அரசுக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

நிறுத்தவும் முடியும். பிரிட்டன் 2008 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 17.5%-இலிருந்து 15% ஆகக் குறைத்தது. பதின்மூன்று மாதம் மட்டும் என்று முதலிலேயே சொன்னது, 2010 ஜனவரி முதல் நாள் பழைய விகிதத்துக்குத் திரும்பியது. முடிவு நாள் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தால் போதும், அதை நீட்டிக்க விரும்புகிறவர்தான் வந்து காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த அளவுகோல் என்னையே குத்திய சந்தர்ப்பமும் உண்டு. முன்பு சொன்ன 2021 மார்ச் தொகுப்புக்குள் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான வரிச் சலுகை ஒன்றும் இருந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர் வரை, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 3,000 வரை. அதில் பாதி அந்த ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் கணக்கில் விழுந்தது. ஊக்கத் தொகுப்பின் பகுதி என்பதால் ஓராண்டோடு முடிந்தது. நான் கேட்பது போலவே, முடிவு நாளோடு. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவின்படி, 2021-இல் அங்கே குழந்தை வறுமை 5.2%. அந்தச் சலுகையும் மற்ற கோவிட் உதவிகளும் நின்றபின், 2022-இல் 12.4%. மருந்து என்று பெயர் எழுதிக் கொடுத்த அது, அந்த வீடுகளில் உணவாக இருந்திருக்கிறது.